மூன்று கோப்பைகளும் நம் கேடயமும்

(பொங்கல் விளையாட்டு விழாவையொட்டி, பிளாக்குகளுக்கு இடையிலான சதுரங்கப் போட்டியைத் தொடங்கி வைத்து நம் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



எனக்குப் பத்து நிமிடம் என்று செயலாளர் சொன்னார். பொதுக்குழுவில் நான் எவ்வளவு நேரம் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கடிகாரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். செஸ் கடிகாரம்தான். கொடி விழுந்தால் நிறுத்திவிடுகிறேன்.

இந்த மேஜையில் ஒரு கேடயம் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. மரம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. பித்தளைத் தகடுகள் கறுத்துப் போயிருக்கின்றன. புதிதாக வந்தவர்கள், "சங்கத்தில் பணம் இல்லையா, புதுசா ஒன்று வாங்கக் கூடாதா?" என்று கேட்கலாம். இது எப்படி இப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் வேறு மூன்று கோப்பைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் உங்களுக்கு நினைவிருக்கும். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யும், சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை பூசிய நேப்பியர் பாலமும் நினைவிருக்கும். அங்கே போய் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதவர்கள் நம்மில் குறைவு. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. அங்கே நடத்த முடியாமல் போய், நான்கே மாதத்தில் இங்கே ஏற்பாடு செய்தார்கள். நாம் ஒரு லிஃப்ட் மாற்ற எவ்வளவு மாதம் எடுத்துக்கொண்டோம் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த மாட்டேன்.

ஒலிம்பியாட் தனி ஆள் போட்டி இல்லை. அணிப் போட்டி. ஒரு அணியில் ஐந்து பேர். அதில் நால்வர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று. நான்கு பலகையிலும் சேர்த்துக் கிடைக்கும் புள்ளியை வைத்து அந்தச் சுற்றில் எந்த அணி வென்றது என்று முடிவாகும். அணி வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் 1. முதல் பலகையில் எவ்வளவு பெரிய ஆள் இருந்தாலும், நான்காம் பலகையில் இருப்பவர் தோற்றால் அணிக்கு அடி. நான்காம் பலகைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டிரா எடுத்தால் அதுவே அணியைக் கரை சேர்க்கலாம். இதை நினைவில் வையுங்கள், நான்காம் பலகைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் போட்டிக்கு மூன்று கோப்பைகள். மூன்றுமே சுழற்கோப்பைகள். வென்ற நாடு அடுத்த ஒலிம்பியாட் வரை வைத்திருந்து, பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

முதல் கோப்பையின் பெயர் ஹாமில்டன் ரஸ்ஸல் கோப்பை. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924-ல் பாரிஸில் தொடங்கியது. அதன் முதல் அதிகாரப்பூர்வ ஒலிம்பியாட் 1927-ல் லண்டனில் நடந்தது. மொத்தம் 16 அணிகள். ஃபிரெடரிக் ஹாமில்டன் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தங்கக் கோப்பை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை முதலில் வாங்கிப் போனது ஹங்கேரி.

இந்தக் கோப்பைக்கு ஒரு சோக வரலாறும் உண்டு. 1939-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 1-ஆம் தேதி ஐரோப்பாவில் போர் மூண்டது. இங்கிலாந்து அணி பாதியில் ஊருக்குக் கிளம்பிவிட்டது. சில நாடுகள் எதிரெதிரே உட்கார மறுத்ததால், ஆடாமலே 2-2 என்று எழுதிக்கொண்டார்கள். ஜெர்மனி முதலிடம். அரைப் புள்ளி வித்தியாசத்தில் போலந்து இரண்டாமிடம். நாட்டின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அந்தப் போலந்து ஆட்டக்காரர்கள் எப்படிக் காய் நகர்த்தினார்களோ! அதில் ஒருவர் மிகேல் நய்டோர்ஃப். அவரும் இன்னும் பலரும் திரும்பிப் போக வழியில்லாமல் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்கள். 1947-ல் நய்டோர்ஃப் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் 45 பேருடன் ஆடினார். அந்தச் செய்தி பேப்பரில் வந்தால், தன் குடும்பத்தில் யாராவது உயிரோடிருந்து பார்க்க மாட்டார்களா என்ற ஆசை. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் யூத இனப் படுகொலையில் போய்விட்டார்கள். ஒலிம்பியாட் மறுபடி நடக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, பெண்கள் அணிக்கான வேரா மென்சிக் கோப்பை. 1927-ல் அதே லண்டனில், ஒலிம்பியாட் நடந்த சமயத்திலேயே முதல் பெண்கள் உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தது. வென்றவர் வேரா மென்சிக், வயது 21. அதன்பின் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. ஆண்களோடும் சரிசமமாக ஆடினார். 1929-ல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அவர் வந்தபோது ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர், "இந்த அம்மாவிடம் தோற்பவர்கள் எல்லாம் வேரா மென்சிக் கிளப்பில் சேர வேண்டியதுதான்" என்று கிண்டல் செய்தார். அந்த கிளப்பின் முதல் உறுப்பினர் யார் தெரியுமா? அவரேதான்! பின்னாளில் உலகச் சாம்பியன் ஆன மாக்ஸ் யூவே கூட அதில் உறுப்பினர். 1944 ஜூனில் லண்டனில் அவர் வீட்டின் மேல் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்தது. அவரும் அம்மாவும் தங்கையும் இறந்து போனார்கள். அப்போதும் அவர்தான் உலகச் சாம்பியன். பெண்கள் ஒலிம்பியாட் 1957-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. அந்தக் கோப்பைக்கு அவர் பெயர்.

மூன்றாவது, நோனா கப்ரின்டாஷ்விலி கோப்பை. நோனா ஜார்ஜியா நாட்டுக்காரர். 1962 முதல் 1978 வரை பெண்கள் உலகச் சாம்பியன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண். லாக்டவுனில் நாமெல்லாம் பார்த்த அந்த செஸ் தொடரில், அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனம் வந்தது. எண்பது வயதில் அந்த அம்மா வழக்குப் போட்டுவிட்டார். பிறகு சமரசம் ஆனது. அவர் பெயரில் 1997-ல் உருவான கோப்பை இது. ஆண்களும் பெண்களும் ஆடும் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் ஒரு நாட்டு அணிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, எந்த நாடு முதலிடமோ அதற்குக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் அண்ணன் மட்டுமோ தங்கை மட்டுமோ படித்தால் போதாது, இருவரும் படித்தால்தான் பரிசு என்பது போல.

2022 மாமல்லபுரத்தில் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. நமக்கு இரண்டிலும் வெண்கலம். பெண்கள் அணி கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று, கைக்கெட்டிய தங்கத்தை விட்டது. நிறைமாதக் கர்ப்பத்தோடு ஹரிகா ஆடிக்கொண்டிருந்ததும் அந்த அணியில்தான். ஆனால் கூட்டுப் புள்ளிக்கான நோனா கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

அடுத்து 2024 செப்டம்பர், புடாபெஸ்ட். பொதுப் பிரிவில் 11 சுற்றில் 22-க்கு 21 புள்ளி! உஸ்பெகிஸ்தானோடு மட்டும் ஒரு சமன். பெண்கள் 19 புள்ளி. முதல் முறையாக இரண்டு தங்கமும் நமக்கு. குகேஷ், பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி, பொதுப் பிரிவு அணியின் தலைவர் ஸ்ரீநாத் நாராயணன் என்று நம் சென்னைப் பிள்ளைகளே நான்கு பேர். அக்காவும் தம்பியும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று இங்கே வெடித்த வெடிக்கு மறுநாள் நான்தான் துடைப்பம் எடுத்தேன்.

அந்த புடாபெஸ்ட் சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. 2022-ல் நாம் வென்ற நோனா கோப்பையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். தேடிப் பார்த்தால் கோப்பையைக் காணோம்! கடைசியில் அதே மாதிரி இன்னொன்று செய்ய ஏற்பாடு செய்தார்கள். கூட்டுப் புள்ளியில் மறுபடியும் நாமே முதலிடம் வந்தோம், அது வேறு விஷயம்.

இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுப் பலர் குழுவில் கோபமாக எழுதினீர்கள். "ஒரு கோப்பையைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதா?" என்று கேட்டீர்கள். நானும் ஒரு கோப முகத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. ஏன் என்பதை இப்போது சொல்கிறேன்.

நம் காலனியில் 1997 முதல் 2011 வரை பதினைந்து வருடம் பிளாக்குகளுக்கு இடையே சதுரங்கப் போட்டி நடந்தது. இப்போது கிளப் ஹவுஸ் இருக்கும் இடத்தில் அப்போது ஒரு கீற்றுக் கொட்டகை. பிளாக்குக்கு நால்வர். அதில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் கீழ், ஒருவர் பெண், ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இந்த விதியை வகுத்தவர் சி பிளாக்கில் இருந்த ஒரு ரயில்வே பெரியவர். பழைய ஆட்களுக்கு யார் என்று தெரியும். எல்லோருக்கும் அவர் ரயில்வே தாத்தா. இந்தக் கேடயமும் அவர் கொடுத்ததுதான், காலமான தன் மனைவியின் நினைவாக.

கேடயத்தில் பிளாக்கின் பெயரைப் பொறித்தால் போதும் என்றது கமிட்டி. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. செலவு ஏறும். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு பேர் பேரும் வரணும். பிளாக்கா வந்து காய் நகர்த்துச்சு? கூலியை நான் தர்றேன்" என்றார். பதினைந்து தகட்டிலும் நான்கு நான்கு பேர்.

அணிக்குப் பணம் கொடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-ல் மும்பையில் தேசிய அணிகள் சாம்பியன் போட்டி நடந்தது. அதில் மெட்ராஸ் கோல்ட்ஸ் என்ற அணிக்கு ஆடியவர்களில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், விஸ்வநாதன் ஆனந்த். அந்த அணியின் செலவை ஏற்றவர் நம் பாடும் நிலா எஸ்.பி.பாலசுப்ரமணியம். எஸ்.பி.பி. மறைந்த அன்று ஆனந்தே இதை நன்றியோடு எழுதினார். அதே ஆனந்த் சிறுவயதில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில் கற்றவர். நம் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் நடத்தியது அது. அங்கே ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நம் கொட்டகையிலும் அதே வழக்கம்தான். யாரோ ஒருவர் இடம் கொடுக்கிறார், யாரோ ஒருவர் செலவை ஏற்கிறார். அப்படித்தான் இந்த விளையாட்டு நம் ஊரில் வளர்ந்தது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். 2006-ல் பி பிளாக்குக்குப் பதினைந்து வயதுக்குக் கீழ் ஆள் கிடைக்கவில்லை. இருந்த இரண்டு பையன்களுக்கும் பரீட்சை. அப்போது நம் வாட்ச்மேனின் மகனை ஆட வைக்கலாம் என்று தாத்தா சொன்னார். குடியிருப்பவர்களுக்கு மட்டும்தானே போட்டி என்று ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவர்களில் நானும் ஒருவன். "அவன் குடும்பம் மோட்டார் ரூம் பக்கத்து ஷெட்டில் குடியிருக்கே, அது காலனியில் இல்லையா?" என்று கேட்டார் தாத்தா. பதில் சொல்ல முடியவில்லை. பையன் நான்காம் பலகையில் உட்கார்ந்தான். இறுதிச் சுற்றில் முதல் மூன்று பலகையும் ஒன்றரை, ஒன்றரை என்று நின்றது. அவன் ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை தள்ளி ராணியாக்கினான். பி பிளாக் சாம்பியன். 2006 தகட்டில் நான்காவது பெயர் அவனுடையது.

2011-க்குப் பிறகு ஏற்று நடத்த ஆளில்லை. கேடயம் அலுவலக பீரோவின் மேல் ஏறியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். வடிந்த பிறகு சேறு. அப்போது நான் செயலாளர். ஃபைல், நாற்காலி, கார்ப்பெட் என்று எல்லாவற்றையும் அள்ளி வெளியே போடச் சொன்னேன். கேடயமும் அதில் கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போடச் சொன்னேன். குடிதண்ணீர் இல்லாத நேரத்தில் கேடயமா முக்கியம் என்று அப்போது தோன்றியது.

அடுத்த வருடம் தாத்தா ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார், "கேடயம் தண்ணியில நனைஞ்சுதா?" என்று. "பாலிஷ் போடக் கொடுத்திருக்கோம் சார்" என்றேன். வாயில் வந்துவிட்டது. பிறகு இரண்டு மூன்று தடவை, "பாலிஷ் முடிஞ்சுதா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். 2018-ல் அவர் காலமானார். கேடயம் பாலிஷில் இருக்கிறது என்ற நினைப்போடுதான் போனார்.

புடாபெஸ்ட் செய்தி வந்தபோது எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் இதுதான். அவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று குழுவில் எழுதினேன். நான் தூக்கிப் போட்டவன்.

மறுநாள் இன்றைய நிர்வாகக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தேடலாம் என்றார்கள். எங்கே தேடுவது? அன்று சேறு அள்ளியவர்களில் வாட்ச்மேனின் மனைவியும் உண்டு. 2017-ல் காவல் வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்ததும் அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. நம் இஸ்திரிக்காரரிடம் அவர்கள் நம்பர் இருந்தது. போன் செய்ததும் அந்த அம்மா சொன்னார், "அது எங்ககிட்டதான் சார் இருக்கு" என்று.

நவம்பரில் வந்தவாசிப் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனோம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கேடயம் மாட்டியிருந்தது. உப்பிய மரத்தின் பின்பக்கம் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பதினைந்து தகடும் அப்படியே இருந்தன. "ஏம்மா அப்பவே சொல்லலே?" என்று கேட்டேன். "நீங்க வேணாம்னு தூக்கிப் போட்டதுதானே சார். அதுல எம்புள்ள பேரு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கொடுத்த காபியைக் குடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

கேடயத்தை அங்கேயே விட்டுவிட்டு நாம் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். அந்தப் பையன், இப்போது பையன் இல்லை, ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அவரே கழற்றிக் கையில் கொடுத்தார். "காலனியோடது சார், ஆடுற இடத்துல இருக்கட்டும். அந்தத் தகட்டை மட்டும் மாத்திடாதீங்க" என்றார்.

மாற்றவில்லை. பாலிஷும் போடவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாவும் மகனும் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். முதல் காயை இன்று அவர்தான் நகர்த்துவார். ரயில்வே தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்க இனி எனக்கு வழியில்லை. அதனால்தான் உங்கள் முன்னால் சொன்னேன்.

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள். நிர்வாகக் குழுவும் இவற்றை ஏற்றிருக்கிறது.

ஒன்று, கேடயத்துக்கு ஒரு பதிவேடு. வென்ற பிளாக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அடுத்த பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோட்டோ எடுத்து இந்தச் செய்தி மடலில் போட வேண்டும். பீரோ மேல் இனி வைக்கக் கூடாது.

இரண்டு, 1999, 2003 தகடுகள் அரித்துப் போய் எழுத்து தெரியவில்லை. அந்த வருடங்களில் ஆடியவர்கள், பரிசளிப்பு ஃபோட்டோ வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருந்து இந்த மடலைப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். எட்டு பெயர்கள் வேண்டும். பொறிக்கும் கூலி என்னுடையது. அதற்குக் கமிட்டித் தீர்மானம் வேண்டாம்.

மூன்று, 'குடியிருப்போர்' என்ற சொல்லுக்குப் போட்டி விதிகளில் இனி தாத்தா சொன்ன பொருள்தான். இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் ஆடலாம். நான்காம் பலகை என்றில்லை, எந்தப் பலகையிலும்.

கொடி விழுந்துவிட்டது என்று கடிகாரம் காட்டுகிறது. குழந்தைகளே, கை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். தோற்றாலும் கை கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.